அப்டேட் போட பயப்படுறவங்க சோம்பேறிகள் இல்லை



இந்த வார எபிசோடில் டென்மார்க்கின் எரிசக்தி நிறுவனங்கள் மீது 2023 மே மாதம் நடந்த தாக்குதலைப் பற்றிப் பேசினோம். கதையைச் சொல்லி முடிக்கவே நேரம் சரியாப் போச்சு. கருத்து சொல்ல இடமே கிடைக்கலை. அதை இங்கே எழுதுகிறேன். எபிசோடு கேட்காதவர்களுக்கும் புரியும்படி முதலில் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

என் கருத்து இதுதான். "ஃபர்ம்வேரை உடனே அப்டேட் பண்ணுங்க" என்பது இருபது வருடமாக எல்லாரும் சொல்லும் அறிவுரை. பாதி இடத்தில் அது எடுபடுவதில்லை. ஆட்கள் சோம்பேறிகள், அக்கறை இல்லாதவர்கள் என்று நாம் சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். என் கணக்கில் காரணம் பயம், அதுவும் நியாயமான பயம். அந்தப் பயத்துக்கு மருந்து தராமல் அறிவுரையை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வதில் பிரயோஜனம் இல்லை.

பதினாறு நாள் இருந்தது

2023 ஏப்ரல் 25ஆம் தேதி, ஸைக்ஸெல் நிறுவனம் தன் ஃபயர்வால்களில் ஒரு பெரிய ஓட்டை இருப்பதாக அறிவித்தது. ஆபத்தின் அளவு 10க்கு 9.8. விபிஎன் சாவிப் பரிமாற்றத்துக்குப் பயன்படும் யூடிபி 500ஆம் போர்ட்டுக்கு விசேஷமாகத் தயாரித்த ஒரு பாக்கெட்டை அனுப்பினால் போதும். பாஸ்வேர்டு வேண்டாம், உள்ளே ஆள் வேண்டாம், ஃபயர்வாலே வெளியாள் கைக்குப் போய்விடும். ஓட்டையை அடைத்த ஃபர்ம்வேரும் தயாராகவே இருந்தது, இலவசமாக.

டென்மார்க்கின் முக்கியத் துறைகளுக்கான இணையப் பாதுகாப்பு மையம் செக்டர்செர்ட். எரிசக்தி நிறுவனங்கள் சேர்ந்து நடத்தும் லாபநோக்கற்ற அமைப்பு. மே 1ஆம் தேதி அது தன் உறுப்பினர்களுக்கு எச்சரிக்கை அனுப்பியது. மே 11ஆம் தேதி தாக்குதல் வந்தது. குறி வைக்கப்பட்டவை 16 நிறுவனங்கள். அதில் 11 உடனே விழுந்தன. மே 22 முதல் இரண்டாவது அலை. மொத்தம் 22 நிறுவனங்கள். சில நிறுவனங்கள் இணையத் தொடர்பை முழுதாக வெட்டிவிட்டு, இங்கே "தீவு முறை" என்று சொல்லும் தனித்த இயக்கத்துக்குப் போயின.

மக்களுக்கு விளக்கு அணையவில்லை, ஹீட்டர் நிற்கவில்லை. ஆனால் டென்மார்க்கில் மூன்றில் இரண்டு பங்கு வீடுகளுக்குச் சூடு வருவது ஊர்ப் பொதுவான வெந்நீர்க் குழாய் வழியாகத்தான். அதை நடத்துபவை பெரும்பாலும் சின்னச் சின்ன ஊர் நிறுவனங்கள், பல இடங்களில் வாடிக்கையாளர்களே சொந்தக்காரர்களாக இருக்கும் கூட்டுறவுகள். ஐடி ஆள் என்று தனியாக ஒருவர்கூட இல்லாத இடங்கள் உண்டு. இதே தாக்குதல் ஜனவரியில் வந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று இங்கே குளிர்காலம் பார்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

யார் செய்தது? ரஷ்யாவின் சாண்ட்வோர்ம் குழுவின் சாயல் தெரிந்ததாக செக்டர்செர்ட் சொன்னது, உறுதியாகச் சொல்லவில்லை. இரண்டு அலைகளுக்கும் தொடர்பில்லை, இரண்டாவது அலை உலகம் முழுக்க நடந்த பொதுவான வேட்டையின் ஒரு பகுதி என்று 2024 ஜனவரியில் ஃபோர்ஸ்கவுட் நிறுவனம் எழுதியது. அந்த விவாதம் எபிசோடில் இருக்கு. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. ஏப்ரல் 25லிருந்து மே 11 வரை பதினாறு நாள். மருந்து மேஜை மேல் இருந்தது. ஏன் குடிக்கவில்லை?

நாலு காரணம், சொல்லாத அஞ்சாவது

அதே வருடம் நவம்பரில் வந்த செக்டர்செர்ட் அறிக்கை இதற்கு நேர்மையாகப் பதில் சொல்கிறது. சிலர், ஃபயர்வால் புதுசுதானே, அதில் புது மென்பொருள்தான் இருக்கும் என்று நினைத்தார்கள். சிலர், அப்டேட் போடுவது சப்ளையர் வேலை என்று நினைத்தார்கள். சப்ளையர் அப்படி நினைக்கவில்லை. சிலர் தெரிந்தே வேண்டாம் என்றார்கள். ஃபர்ம்வேர் இலவசம், ஆனால் அதை வந்து போட்டுத்தர சப்ளையர் காசு கேட்டார். இன்னும் சிலருக்குத் தங்களிடம் அந்தக் கருவி இருப்பதே தெரியாது.

நாலுமே உண்மையான காரணங்கள். ஆனால் இந்தத் தொழிலில் இருப்பவர்களிடம் பேசினால் அஞ்சாவதாக ஒன்று வரும். அறிக்கையில் யாரும் எழுதித் தராத காரணம்: "ஓடிக்கிட்டு இருக்கிறதைத் தொட்டு, அது நின்னு போச்சுன்னா யார் பதில் சொல்றது?"

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தான் ஆண்டி என்று நம்ம ஊரில் சொல்வார்கள். ஃபர்ம்வேர் விஷயத்தில் ஒவ்வொரு நிர்வாகியின் காதிலும் ஓடுவது இந்தப் பழமொழிதான். கணக்குப் போட்டுப் பாருங்க. அப்டேட் போட்டு நெட்வொர்க் நின்றுபோனால், காலை எட்டு மணிக்கு எல்லாருக்கும் காரணம் தெரியும், தேதி தெரியும், ஆள் பேரும் தெரியும். அப்டேட் போடாமல் விட்டு ஹேக் ஆனால், பழி வெளிநாட்டுக் குழு மேல் போகும். "அதிநவீனத் தாக்குதல்" என்று செய்தி வரும். முதல் தவறுக்கு முகம் இருக்கு, இரண்டாவதுக்கு இல்லை. சம்பளம் வாங்கும் ஒரு மனிதன் எந்தத் தவறைத் தவிர்க்கப் பார்ப்பான்? இதைச் சோம்பேறித்தனம் என்று சொல்வது அநியாயம்.

பயம் எதனால ஆனது

பயம் என்று பொதுவாகச் சொன்னால் போதாது. குறிப்பாகச் சொல்கிறேன்.

சர்வரின் பயாஸ் ஃபர்ம்வேரை அப்டேட் பண்ணுகிறீர்கள். நெட்வொர்க் பக்கம் எதையும் தொடவில்லை. ரீபூட் ஆகி வருகிறது. விளக்கெல்லாம் பச்சை. ஆனால் சர்வரோடு யாராலும் பேச முடியவில்லை. என்ன ஆச்சு?

லினக்ஸில் ஒரு காலத்தில் நெட்வொர்க் கார்டுகளுக்கு ஈத்0, ஈத்1 என்று பெயர் இருந்தது. எது முதலில் எழுந்து வருகிறதோ அதற்குப் பூஜ்யம். ரீபூட்டுக்கு ரீபூட் மாறும் என்பதால், 2013 ஜனவரியில் வந்த சிஸ்டம்டி 197இலிருந்து புது முறை வந்தது. போர்டோடு சேர்ந்த கார்டு என்றால் ஈஎன்ஓ1, ஸ்லாட்டில் செருகியது என்றால் ஈஎன்எஸ்1, பிசிஐ பஸ்ஸில் இருக்கும் இடத்தை வைத்து என்றால் ஈஎன்பி3எஸ்0. இதற்கு "கணிக்கக்கூடிய பெயர்" என்றே பெயர். நல்ல யோசனைதான். ஆனால் அந்த ஈஎன்ஓவுக்குப் பின்னால் வரும் 1ஐச் சொல்வது யார்? ஃபர்ம்வேர். ஸ்லாட் எண்ணைச் சொல்வது யார்? அதுவும் ஃபர்ம்வேர். புது பயாஸ் வேறு எண்ணைச் சொன்னால், அல்லது பிசிஐ பஸ் எண்கள் ஒன்று தள்ளிப்போனால், கார்டின் பெயரே மாறிவிடும். ஐபி முகவரி, விலான், பாண்டிங் எல்லாம் பழைய பெயருக்கு எழுதி வைத்திருக்கிறது. பழைய பெயரில் ஆளே இல்லை. கதவு எண்ணை மாற்றிய வீட்டுக்குத் தபால் வராத மாதிரி.

எதிர்முனையில் சுவிட்சில் என்ன தெரியும்? இரண்டு கேபிளைச் சேர்த்து எல்ஏசிபி போட்டிருந்தால், சுவிட்ச் அந்தப் பக்கத்திலிருந்து பதிலை எதிர்பார்த்துக் காத்திருக்கும். பதில் வராததால் போர்ட்டை ஒதுக்கி வைக்கும். மானிட்டரிங்கில் சிவப்பு எரிவது சுவிட்ச் பக்கம். சர்வர்காரர் நெட்வொர்க்காரரை எழுப்புவார். "நாங்க எதையும் தொடலையே" என்பார் அவர். இரண்டு பேர் சொல்வதும் உண்மை. இரவு மூன்று மணிக்கு இந்த உண்மையால் யாருக்கும் லாபம் இல்லை.

இது ஒரு வகை. இன்னும் உண்டு. சில இன்டெல் கார்டுகளில், பக்கத்தில் இருப்பது யார் என்று கருவிகள் விசாரித்துக்கொள்ளும் எல்எல்டிபி செய்திகளை கார்டின் ஃபர்ம்வேரே விழுங்கிவிடும், ஆபரேட்டிங் சிஸ்டம் வரை வராது. அதை அணைக்க ஒரு தனி ஆப்ஷன் இருக்கு. அப்டேட்டுக்குப் பிறகு அந்த ஆப்ஷன் தொடக்க நிலைக்குத் திரும்பினால், எல்எல்டிபியை நம்பி விலான் கொடுக்கும் தானியங்கி ஸ்கிரிப்ட் குழம்பிப்போகும். ஐட்ராக், ஐலோ மாதிரி நிர்வாகச் சிப்கள் தொடக்க நிலைக்குப் போய்விட்டால், சர்வருக்குள் நுழைய நாம் வைத்திருந்த கொல்லைப்புற வழியும் அடைபடும். அப்புறம் காரை எடுத்துக்கொண்டு போகவேண்டியதுதான்.

நெட்வொர்க் கருவியின் சொந்த ஃபர்ம்வேருக்கு வந்தால், பழைய ஆட்களுக்கு ஒரு எண் சொன்னால் போதும், முகம் மாறும்: 8.3. சிஸ்கோ ஏஎஸ்ஏ ஃபயர்வாலுக்கு 2010இல் வந்த பதிப்பு. அதில் நாட் கட்டளைகளின் இலக்கணத்தையே மாற்றினார்கள். அக்சஸ் லிஸ்ட்டில் மாற்றிய முகவரிக்குப் பதிலாக உண்மையான முகவரியை எழுதணும் என்றார்கள். அப்கிரேடு பண்ணினால் பழைய கான்ஃபிகைத் தானே மொழிபெயர்த்துக்கொள்ளும். மொழிபெயர்ப்பு சரியா என்று பார்ப்பது உங்கள் தலையெழுத்து. பத்து வருடமாக நாலு பேர் எழுதிச் சேர்த்த ஆயிரம் வரியை ஒரு இயந்திரம் ஒரே ரீபூட்டில் திருப்பி எழுதினால், அதை நம்பித் தூங்கப் போவீர்களா?

112க்கு அழைப்பு போகாத நாள்

பயப்படுறவங்க கற்பனை பண்ணிப் பயப்படவில்லை. டென்மார்க்கிலேயே சான்று இருக்கு.

2024 நவம்பர் 28, வியாழக்கிழமை. நாட்டின் மிகப் பெரிய மொபைல் நெட்வொர்க்கான டிடிசி நெட்டில் பிரச்சினை. பலருடைய மொபைலிலிருந்து அவசர எண் 112க்கு அழைப்பு போகவில்லை. மாரடைப்பு வந்தவர், தீ பிடித்த வீட்டில் இருப்பவர் கூப்பிடும் எண் அது. சைபர் தாக்குதலுக்கான அறிகுறி இல்லை என்றும், முந்தைய நாள் செய்த நெட்வொர்க் அப்டேட்தான் காரணமாகத் தெரிகிறது என்றும் நிறுவனம் முதல்கட்டமாகச் சொன்னது.

ஆக, ஒரே நாட்டில், ஒன்றரை வருட இடைவெளியில், அப்டேட் போடாததால் ஒன்று, போட்டதால் ஒன்று. இரண்டிலும் பாதிக்கப்படுவது கணினியைப் பற்றி ஒன்றும் தெரியாத சாதாரண மக்கள்.

டென்மார்க்காரர்களுக்கு மூன்றாவது வகைப் பயமும் தெரியும். 2017 ஜூன் 27 அன்று மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தை முடக்கிய நாட்பெட்யா பரவியதே உக்ரைனின் வரிக்கணக்கு மென்பொருள் ஒன்றின் அப்டேட் வழியாகத்தான். 4,000 சர்வர், 45,000 கணினி எல்லாவற்றையும் பத்து நாளில் மறுபடி நிறுவினோம் என்று அதன் தலைவர் அடுத்த ஜனவரியில் டாவோஸில் சொன்னார்.

வெளியே பார்த்தாலும் இதே கதைதான். 2022 ஜூலை 8 அன்று கனடாவின் ரோஜர்ஸ் நிறுவனம் 1.2 கோடிக்கு மேற்பட்ட வாடிக்கையாளர்களோடு முழுதாக விழுந்தது. ஏழு கட்ட அப்கிரேடில் ஆறாவது கட்டம். முதல் ஐந்தும் நன்றாகப் போனதால், ஆபத்து "அதிகம்" என்று இருந்ததை "குறைவு" என்று அவர்களுடைய கணக்கீட்டு முறையே மாற்றிவிட்டது. அதனால் கூடுதல் சரிபார்ப்பு இல்லை. ஒரு ரவுட்டரில் ஒரு ஃபில்டரை எடுத்தார்கள், வெள்ளம் மாதிரி ரூட்டுகள் பாய்ந்து நடு ரவுட்டர்கள் மூழ்கின. சரிபண்ணப் போனால், நிர்வாக நெட்வொர்க்கும் அதே நெட்வொர்க்கின் மேல்தான் ஓடியது. பொறியாளர்கள் ஒருவரோடு ஒருவர் பேச வைத்திருந்த போனும் பெரும்பாலும் அதே கம்பெனி போன்தான்.

ஆஸ்திரேலியாவின் ஆப்டஸ் 2023 நவம்பர் 8 அன்று விழுந்தது. வெளிநாட்டு இணைப்பில் நடந்த ஒரு மென்பொருள் அப்கிரேடுக்குப் பிறகு வந்த ரூட்டிங் மாற்றங்கள், ரவுட்டர்களில் தொடக்கத்திலிருந்தே இருந்த ஒரு பாதுகாப்பு வரம்பைத் தாண்டின. சுமார் 90 ரவுட்டர்கள் தங்களைத் தாங்களே துண்டித்துக்கொண்டன. பல இடங்களுக்கு ஆள் நேரில் போய்த்தான் எழுப்ப முடிந்தது. 2,145 பேர் அவசர எண் 000ஐக் கூப்பிட முடியாமல் தவித்தார்கள். அதே நிறுவனத்தில் 2025 செப்டம்பர் 18 அன்று ஒரு ஃபயர்வால் அப்கிரேடில் மறுபடி 000 அழைப்புகள் நின்றன. இந்த முறை அது உயிரிழப்புகளோடு பேசப்பட்டது.

"தொடாதே" என்பதும் தப்பு, "தானா போட்டுக்கட்டும்" என்பதும் தப்பு

இதைப் படித்துவிட்டு, "அப்போ தொடாம விடுறதே நல்லது" என்று முடிவுக்கு வந்தால் அது தவறு. தொடாத சர்வரும் தானாகச் சாகும். 2019 நவம்பரில் ஹெச்பிஇ ஒரு அறிவிப்பு விட்டது: குறிப்பிட்ட சில எஸ்எஸ்டி மாடல்கள் 32,768 மணி நேரம் ஓடியதும் இறந்துவிடும். அதாவது 3 வருடம், 270 நாள், 8 மணி நேரம். தரவைத் திரும்ப எடுக்க முடியாது. ஒரே நாளில் வாங்கி ஒரே ரெய்டில் போட்ட டிஸ்க்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் போகும், ரெய்டு இருந்தும் புண்ணியமில்லை. காரணம் ஃபர்ம்வேர் பிழை, மருந்து ஃபர்ம்வேர் அப்டேட். 32,768 என்பது 2இன் 15ஆம் அடுக்கு. இந்த எண்ணைப் பார்த்ததும் புரோகிராம் எழுதுபவர்கள் சிரித்திருப்பார்கள். சர்வர் வைத்திருந்தவர்கள் சிரித்திருக்க மாட்டார்கள்.

மறுபக்கம், "எல்லாத்தையும் ஆட்டோ அப்டேட்டில் போட்டா முடிஞ்சது" என்கிறவர்கள். 2024 ஜூலை 19 மறந்திருக்காது. கிரவுட்ஸ்டிரைக் தானாகத் தள்ளிய ஒரு கோப்பு 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத்திரையில் நிறுத்தியது. ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். ஐடி ஆளே இல்லாத ஒரு சின்ன ஊர் நிறுவனத்தின் ஒற்றை ஃபயர்வாலுக்கு, யாரும் எப்போதும் போடாத அப்டேட்டைவிட ஞாயிறு அதிகாலை தானாகப் போட்டுக்கொள்ளும் அப்டேட் எவ்வளவோ மேல். 2023 மேயில் அது பலரைக் காப்பாற்றியிருக்கும். ஆனால் நாற்பது சர்வரும் நாலு கோர் சுவிட்சும் உள்ள இடத்துக்கு அது வழி ஆகாது.

போடுவதா வேண்டாமா என்று சண்டை போடுவதால் பயன் இல்லை. கேட்க வேண்டியது வேறு: போட்டது கெட்டுப்போனால் எவ்வளவு நேரத்தில் பழைய நிலைக்குத் திரும்பலாம்? "ஐந்து நிமிஷம்" என்று பதில் சொல்ல முடிகிற நிர்வாகி வாரம் ஒரு அப்டேட் போடுவார். "தெரியாது" என்பவர் பதினாறு நாள் என்ன, பதினாறு மாதமும் தள்ளிப்போடுவார். ஆழம் தெரியாமல் காலை விட யாருக்குத்தான் மனசு வரும்?

யார் என்ன செய்யணும்

முதலில் கருவி விற்பவர்கள். ஓட்டையை அடைக்கும் அப்டேட்டோடு பத்து புது வசதிகளையும், மாறிய டீஃபால்ட்டுகளையும் ஒரே பொட்டலமாகக் கட்டிக் கொடுக்கிறீர்கள். மருந்தோடு சமையல் எண்ணெயையும் கலந்து கொடுத்தால் நோயாளி குடிக்கத் தயங்கத்தான் செய்வான். ஐரோப்பிய ஒன்றியத்தின் சைபர் ரெசிலியன்ஸ் சட்டம் 2024 டிசம்பர் 10 முதல் அமலில் இருக்கு. முக்கியக் கடமைகள் 2027 டிசம்பர் 11 முதல் கட்டாயம். தொழில்நுட்ப ரீதியாக முடிகிற இடத்தில் பாதுகாப்பு அப்டேட்டை வசதி அப்டேட்டிலிருந்து பிரித்துக் கொடுக்கணும், பொதுவாக இலவசமாகக் கொடுக்கணும் என்று அதில் இருக்கு. அந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்த வரி இதுதான். இன்னொன்றையும் சேர்த்திருக்கலாம்: எந்தெந்த டீஃபால்ட் மாறுகிறது என்பதை ரிலீஸ் நோட்டின் முதல் பக்கத்தில் போடணும், நாற்பத்திரண்டாவது பக்கத்தில் இல்லை.

அடுத்து மேலாளர்கள், போர்டு உறுப்பினர்கள். டென்மார்க்கில் என்ஐஎஸ்2 சட்டம் 2025 ஜூலை 1 முதல் அமலில் இருக்கு. இனி இணையப் பாதுகாப்புக்கு நிர்வாகமே பொறுப்பு. நல்லது. ஆனால் எனக்கு ஒரு கவலை. இது "அப்டேட் போட்டாச்சா? ஆம் / இல்லை" என்ற எக்செல் கட்டமாகச் சுருங்கிவிடும். அந்தக் கட்டத்தில் "ஆம்" என்று எழுதுவது சுலபம். நான் போர்டில் இருந்தால் மூன்று கேள்வி கேட்பேன். இந்தக் கருவியை அப்டேட் பண்ணும் பொறுப்பு யாருடையது என்று ஒப்பந்தத்தில் எந்த வரியில் இருக்கு? கெட்டுப்போனால் திரும்பி வர எவ்வளவு நேரம்? கடைசியாக எப்போது ஒத்திகை பார்த்தீர்கள்? மூன்றுக்கும் பதில் வந்தால், சப்ளையர் கேட்கும் கூலிக்குக் கையெழுத்துப் போடுவேன். 2023இல் சிலர் மிச்சம் பிடித்தது அந்தக் கூலியைத்தான்.

இன்னொன்று. முறையாகத் திட்டம் போட்டு, சொல்லிவிட்டு, பேக்கப் எடுத்து ஒருவர் அப்டேட் போடுகிறார், அது கெட்டுப்போகிறது. அவரைத் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த அப்டேட் நடக்காது. போடாமல் விட்டதற்கும் அதே அளவு கேள்வி கேளுங்கள். இரண்டு தவறுக்கும் ஒரே எடை வரும்வரை தராசு "தொடாதே" பக்கமே சாயும்.

கையில் வேலை இருப்பவர்களுக்கு

கருத்து மட்டும் சொல்லிவிட்டுப் போனால் நம்ம கேட்பவர்கள் விடமாட்டார்கள். அடுத்த மெயின்டனன்ஸ் இரவுக்கு முன் செய்யக்கூடிய ஐந்து விஷயம்.

1. நெட்வொர்க் கார்டைப் பெயரால் நம்பாதீர்கள். சிஸ்டம்டியின் லிங்க் கோப்பில் மேக் முகவரியை வைத்து நீங்களே பெயர் வையுங்கள். பயாஸ் என்ன எண் சொன்னாலும் உங்கள் பெயர் மாறாது. கார்டை மாற்றினால் மட்டும் அந்தக் கோப்பையும் மாற்ற ஞாபகம் வேண்டும்.

2. முன்னும் பின்னும் படம் எடுங்கள். ஐபி முகவரிகள், ரூட்டிங் டேபிள், பாண்டிங் நிலை, எல்எல்டிபி அண்டை வீட்டார், பயாஸ் செட்டிங் எல்லாவற்றையும் அப்டேட்டுக்கு முன் ஒரு கோப்பில் கொட்டுங்கள். பின்னும் கொட்டுங்கள். இரண்டையும் ஒப்பிடுவது கணினியின் வேலை, உங்கள் தூக்கக் கண்ணின் வேலை இல்லை.

3. ஜோடியில் ஒன்றை மட்டும் தொடுங்கள். ஒன்று விழுந்தால் இன்னொன்று தாங்கும் என்றுதான் இரண்டு வாங்கினீர்கள். இரண்டையும் ஒரே இரவில் அப்டேட் பண்ணினால் அந்தக் காசு வீண். முதல் ஐந்து நன்றாகப் போனதால் ஆறாவதில் கவனத்தைக் குறைக்கவும் வேண்டாம். ரோஜர்ஸ் கதை அதுதான்.

4. தானே திரும்பும் வழியை முதலில் போடுங்கள். ஜூனிப்பரில் கமிட் கன்ஃபர்ம்டு கொடுத்தால், பத்து நிமிஷத்துக்குள் நீங்கள் உறுதி செய்யாவிட்டால் பழைய கான்ஃபிக் திரும்பிவிடும். மிக்ரோடிக்கில் சேஃப் மோட் இருக்கு. சிஸ்கோவில் ரீலோட் இன் போட்டுவிட்டு, மாற்றத்தைச் சேமிக்காமல் செய்து பார்க்கலாம். இவை கான்ஃபிக் மாற்றத்துக்கு. ஃபர்ம்வேருக்கு, பழைய இமேஜும் அதோடு ஓடிய பழைய கான்ஃபிக் கோப்பும் கருவியிலும் வெளியிலும் இருக்கணும். புது ஃபர்ம்வேர் எழுதிய கான்ஃபிகைப் பழையது படிக்கும் என்று நம்பவேண்டாம்.

5. வேறு கம்பெனி சிம். அவசரத்துக்கு உள்ளே நுழையும் வழி, நீங்கள் பழுது பார்க்கும் நெட்வொர்க்கின் மேலேயே ஓடக்கூடாது. முக்கியமான போன் எண்களைக் காகிதத்தில் எழுதி ஒட்டி வையுங்கள். சிரிக்காதீங்க, வேலை செய்யும்.

இதில் எதுவும் புது விஞ்ஞானம் இல்லை. பெரும்பாலானதற்குக் காசும் தேவையில்லை. தேவைப்படுவது நேரம். அந்த நேரத்தை வேலை நேரமாகக் கணக்கில் எடுக்கும் மேலாளர் தேவை. "ராத்திரி சும்மா ஒரு அப்டேட் போட்டுடுங்க" என்ற வாக்கியத்தில் இருக்கும் அந்த "சும்மா" போகணும்.

டென்மார்க் சின்ன நாடு, நேர்மையாக அறிக்கை எழுதும் நாடு. அதனால்தான் யார் ஏன் அப்டேட் போடவில்லை என்று நமக்கு இவ்வளவு தெளிவாகத் தெரியுது. சென்னையிலோ கொழும்பிலோ ஒரு மின்வாரிய அலுவலகத்தில் போய்க் கேட்டாலும் இதே நாலு காரணம்தான் வரும் என்று நினைக்கிறேன். அஞ்சாவதைக் கொஞ்சம் தாழ்ந்த குரலில் சொல்வார்கள். அந்தக் குரலைக் கேட்காமல் "பேட்ச் பண்ணுங்க" என்று கத்திக்கொண்டே இருந்தால், அடுத்த தடவையும் மேஜை மேல் மருந்து அப்படியேதான் இருக்கும்.

உங்கள் அலுவலகத்தில் எப்படி? அப்டேட் தள்ளிப்போவதற்கு உண்மையான காரணம் என்ன? இந்த மடலுக்கே பதில் எழுதுங்க, கம்பெனி பேர் வேண்டாம். நல்ல பதில்களை அடுத்த எபிசோடில் வாசிக்கிறோம்.

அடுத்த வாரம் பார்ப்போம். அதுக்குள்ள அந்த பேக்கப் கோப்பு நிஜமாவே திறக்குதான்னு ஒரு தடவை பார்த்துடுங்க.